ஐக்கிடோ சட்டையும் கல்யாணச் சாம்பாரும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். லிட்டில் இந்தியாவுல தையல்கடைக்குப் போயி, கொடுத்து வச்ச சட்டையை வாங்கிக்கிட்டு வரணும்.

சாதாரண சட்டை இல்ல. ஐக்கிடோ சட்டை. அதோட ஜப்பான் பேரு 'கீ'. ஆனா வீட்டுல "கீ எங்கே"ன்னு கேட்டா என் வீட்டுக்காரர் அந்தோணி காடிச் சாவியைத் தூக்கிக்கிட்டு வர்றாரு. அதனால சட்டைன்னே வச்சுக்குவோம்.

ஐக்கிடோ தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அது ஜப்பான் தற்காப்புக் கலை. ஒருத்தர் வந்து நம்ம மணிக்கட்டைப் புடிப்பாரு. அவரு வர்ற வேகத்தையே திருப்பி விட்டு அவரைக் கீழ போடணும். அடுத்தது நம்ம முறை. அவரு நம்மளைப் போடுவாரு. அதனால பாதிப் பாடம் விழறதுதான். அடிபடாம உருண்டு, அப்படியே எழுந்து நிக்கணும்.

அந்தப் பாதியிலதான் நான் ரெண்டு வருஷமா தேறாம நிக்கிறேன்.

எனக்கு வயசு நாப்பத்தி மூணு. செபராங் ஜெயாவுல சரக்கு அனுப்புற ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ்ல கிளார்க். நாள் பூரா உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போச்சு. டாக்டர் "ஏதாவது எக்சர்சைஸ் பண்ணுங்க"ன்னாரு. அவரு சொன்னது நடக்கறதைப் பத்தி. நான்தான் புத்தி கெட்டுப் போயி இதுல சேர்ந்தேன்.

அந்தோணி அன்னைக்கே கேட்டாரு. "விழறதுக்கா கிளாஸு? நம்ம பாத்ரூம்லயே விழலாமே ஸ்டெல்லா."

வெள்ளை பெல்ட்ல ஆரம்பிச்சா அடுத்தது மஞ்சள் பெல்ட். என்னோட சேர்ந்தவங்கள்லாம் மஞ்சளைத் தாண்டி, ஆரஞ்சைத் தாண்டிப் போயிட்டாங்க. நான் ரெண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போயி ரெண்டு தடவையும் ஃபெயில்.

முதல் தடவை உருண்டேன். உருண்டது உருண்டதுதான். ஆனா நேராப் போக வேண்டியவ கோணலாப் போயி, வாசல்ல இருந்த செருப்பு ரேக்லதான் நின்னேன்.

ரெண்டாவது தடவை, உருளறதுக்கு முன்னாடி பயத்துல "மாதாவே"ன்னு சத்தமா சொல்லிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். ஹாலே காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் எழுந்திருக்கவே இல்ல.

எங்க மாஸ்டரை சென்செய்னு கூப்பிடணும். லிம் சென்செய், ரிட்டயரான பல் நர்ஸ். வயசு அறுபதைத் தாண்டியாச்சு, எடை நாப்பது கிலோ இருந்தா அதிகம். ஆனா அவங்க என் கையைப் புடிச்சாங்கன்னா, நான் எங்க போறேன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க.

"ஸ்டெல்லா, நீ கேஸ் தொங் மாதிரி விழற"ன்னு ஒருநாள் சொன்னாங்க. தொங்னா சிலிண்டர்.

"கேஸ் தொங்கும் உருளுமே சென்செய்."

"உருளும் லா. ஆனா எங்க போறோம்னு அதுக்கே தெரியாது."

ரெண்டாவது ஃபெயிலுக்கு அப்புறம் அவங்க என் தோள்ல கை வச்சு, ரொம்ப மெதுவா, சனிக்கிழமை காலையில தாய் சீ வகுப்பு ஒன்னு இருக்குன்னு சொன்னாங்க. எல்லாரும் வயசானவங்களாம். யாரும் விழறதே இல்லையாம்.

அது எனக்கு உள்ள குத்திடுச்சு. ஏன்னா கல்யாணத்தையும் வேலையையும் தவிர, ரெண்டு வருஷம் விடாம நான் செஞ்ச ஒரே காரியம் இதுதான். அந்தோணிகிட்ட சொல்லிட்டேன், மூணாவது தடவையும் போச்சுன்னா சட்டையை மடிச்சு உள்ள வச்சிடறேன்னு. அவரு கிண்டல் எதுவும் பண்ணல. அதுலேயே என் நிலைமை எனக்குப் புரிஞ்சுச்சு.

அந்த மூணாவது டெஸ்ட்தான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு.

சட்டையோட கை எனக்கு எப்பவுமே நீளம். அக்குள்ல வேற கிழிஞ்சிருந்துச்சு. முத்து அண்ணன் கடையில கொடுத்திருந்தேன். குயீன் ஸ்திரீட்ல ஒரு மாடியில மெஷின் போட்டு உட்கார்ந்திருக்காரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடை உண்டு.

காலைப் பூசையை முடிச்சுட்டு, போட்டிருந்த பஞ்சாபி சூட்டோடயே போனேன். கடையில ஒரே கூட்டம். எல்லாருக்கும் அன்னைக்கே பிளவுஸ் வேணும். முத்து அண்ணன் வாயில ஊசியைக் கடிச்சுக்கிட்டு, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டுனாரு. உள்ள வெள்ளைத் துணி மடிச்சிருந்துச்சு. வாங்கிக்கிட்டு வந்துட்டேன். பிரிச்சுப் பார்க்கல.

வீட்டுக்கு வந்து, பன்னெண்டு மணிக்கு இஸ்திரி போடலாம்னு பிரிச்சேன்.

வெள்ளைச் சட்டைதான். ரெண்டு வரிசை பட்டன். பாக்கெட்ல ஒரு சட்டி படம். சட்டியிலேர்ந்து மூணு கோடு ஆவி வேற பறக்குது.

முத்து அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, இது என்னோட சட்டை இல்ல."

"வெள்ளைதானே தங்கச்சி?"

"வெள்ளைதான். ஆனா சட்டி படம் போட்டிருக்கு."

போன்ல மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அது நின்னுச்சு.

"அடக் கடவுளே. அது குணா தம்பியோடது. கல்யாணச் சமையல் எடுக்குறாரே. ஆறு சட்டை தைக்கக் கொடுத்திருந்தாரு. காலையில ஏழு மணிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

"அப்ப என் சட்டை?"

"அந்த ஆறுல ஒன்னு உன்னோடது."

குணா நம்பருக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கல. முத்து அண்ணன்தான் மண்டபம் எதுன்னு விசாரிச்சு சொன்னாரு. கடல் பாலத்தைத் தாண்டி, அக்கரையில, செபராங் ஜெயாவுல.

வாரத்துல அஞ்சு நாள் பாலம் தாண்டி அங்கதான் வேலைக்குப் போறேன். ஞாயித்துக்கிழமையாவது அந்தப் பக்கம் பார்க்காம இருக்கலாம்னு நினைச்சிருந்தேன்.

முதல்ல சென்செய்க்கு போன் பண்ணி, வேற சட்டை ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.

"இருக்கு. என்னோடது ஒன்னு"ன்னாங்க.

அவங்க சட்டை என் ஒரு கைக்குப் பத்தும்.

"டி-ஷர்ட்ல வரலாமா சென்செய்?"

"இன்னைக்கு ஈப்போவிலேர்ந்து எக்ஸாமினர் வர்றாரு ஸ்டெல்லா." அதுதான் பதில்.

பேன்ட்டையும் பெல்ட்டையும் காடியில போட்டுக்கிட்டுப் பாலம் ஏறினேன்.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்னு. முதல் பந்தி எழுந்து கை கழுவிக்கிட்டு இருந்தாங்க. நான் நேரா பின்பக்கம் சமையல் கட்டுக்குப் போனேன்.

குணாவைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கல. நல்ல ஆகிருதியான ஆளு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பெரிய அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாரு. உடம்புல என் சட்டை. கை முழங்கைக்கு மேல நிக்குது, முன்பக்கம் மூட முடியாம திறந்து கிடக்குது, ஓரத்துல இருக்கிற நாடா காத்துல ஆடிக்கிட்டு இருக்குது.

"தம்பி, நீங்க போட்டிருக்கிறது என்னோட சட்டை."

அவரு குனிஞ்சு தன்னைத்தானே பார்த்துக்கிட்டாரு.

"அப்படியாக்கா? பட்டன் இல்லாம நாடா வச்சிருக்கவும், புது மாடல்னு நினைச்சேன். நல்லா காத்தோட்டமா இருக்கு."

"உள்ள காலர்ல என் பேரு எழுதியிருக்கே. ஸ்டெல்லான்னு."

"பார்த்தேங்க்கா. துணிக் கம்பெனி பேருன்னு நினைச்சேன்."

அவரோட சட்டி போட்ட சட்டையைக் கையில எடுத்துக் காட்டினேன். மூணு மணிக்கு டெஸ்ட் இருக்குன்னு சொன்னேன். என்ன டெஸ்ட்டுன்னு கேட்டாரு. ஐக்கிடோன்னேன். ஜப்பான் சாப்பாடான்னு கேட்டாரு.

ஆளு நல்ல ஆளு. ஆனா அவரு கை ரெண்டும் முழங்கை வரைக்கும் நெய். உள்ள சிங்லட் கூட போடலையாம். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க அஞ்சு பேர் பாயசத்துக்கு அங்கேயே நிக்கிறாங்க. அடுப்பை விட்டு நகரவும் முடியாது, அவங்க முன்னாடி எப்படிக் கழட்டுறது?

"ரெண்டாவது பந்தி முடிஞ்சதும் கழட்டித் தந்துடறேங்க்கா. பரிமாற ரெண்டு பேரு வேற இன்னைக்கு வரல. அதான் லேட்டாகுது."

மணி ஒன்னு பத்து. பந்தி சீக்கிரம் முடிஞ்சா சட்டை சீக்கிரம் வரும். கணக்கு எனக்கு நல்லாத் தெரியும்.

சட்டி போட்ட சட்டையை பஞ்சாபி சூட் மேல மாட்டிக்கிட்டேன். சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டேன். பந்திக்குள்ள நுழைஞ்சேன்.

அவரு என் சட்டையில. நான் அவரு சட்டையில.

ஒரு அம்மா என்னை நிறுத்தி, "சாம்பார்ல காய் எல்லாம் அடியில இருக்கு, நல்லாக் கலக்கி ஊத்தும்மா"ன்னாங்க. கலக்கி ஊத்தினேன். அவங்க தங்கச்சிக்கும் கலக்கி ஊத்தச் சொன்னாங்க. ஒரு பெரியவர், போன கல்யாணத்துல ரசம் இதைவிட நல்லா இருந்துச்சுன்னு என்கிட்ட புகார் பண்ணினாரு. மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்.

நாலாவது வரிசையில எங்க ஆபீஸ் மேனேஜர் சுப்ரா உட்கார்ந்திருந்தாரு.

அவரு என் முகத்தைப் பார்த்தாரு. பாக்கெட்டுல இருந்த சட்டியைப் பார்த்தாரு. வாளியைப் பார்த்தாரு.

"ஸ்டெல்லா, பார்ட் டைமா?"

"இல்ல சார். ஐக்கிடோ."

"ஓ"ன்னாரு. "கொஞ்சமா ஊத்துங்க"ன்னு இலையைத் தள்ளி வச்சாரு.

ஒன்னே முக்காலுக்குப் பந்தி முடிஞ்சுச்சு. குணா சொன்ன வார்த்தை மாறல. கையைக் கழுவிட்டு, சாமான் ரூமுக்குப் போயி கழட்டி, அழகா மடிச்சுக் கொண்டாந்து கொடுத்தாரு. நான் அவரு சட்டையைக் கழட்டிக் கொடுத்தேன். என் சட்டையை விரிச்சுப் பார்த்தேன். காலர்ல கொஞ்சம் வியர்வை. மத்தபடி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. ஒரு சொட்டுக் கறை இல்ல. இத்தனை நேரம் அடுப்புகிட்ட நின்னிருக்காரு அந்த மனுஷன்.

"சாப்பிட்டுட்டுப் போங்கக்கா."

"நேரமில்ல தம்பி."

சட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் பின்வாசல் பக்கம் வேகமா நடந்தேன். பாத்திரம் கழுவுற இடம் அது. தரை பூரா தண்ணி.

கால் போச்சு.

இதை நான் எப்படிச் சொல்றதுன்னே தெரியல. ரெண்டு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை சென்செய் சொல்லிக் கொடுத்து எனக்கு வராதது எல்லாம் அந்த ஒரு நொடியில வந்துச்சு. தாடை நெஞ்சோட ஒட்டிக்கிச்சு. முதுகு வளைஞ்சுச்சு. இடுப்பு, முதுகு, தோள்னு வரிசையாத் தரையைத் தொட்டுச்சு. ரெண்டு கையும் தானா விரிஞ்சு தரையில பளார்னு அறைஞ்சுச்சு. அப்படி அறைஞ்சா விழற வேகம் கையோட போயிடும். அதுதான் பாடம். உருண்டு பின்பக்கமாப் போயி, முட்டி போட்டு நின்னேன். எங்கேயும் வலி இல்ல.

பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த ரெண்டு பேரும் வாயைத் திறந்துக்கிட்டு நின்னாங்க. குணா ஓடி வந்தாரு.

"அக்கா, விழுந்த மாதிரியே தெரியல. வேணும்னே படுத்து எழுந்த மாதிரி இருந்துச்சு."

என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு நல்லா விழுந்தது இல்ல. பார்த்த ஆளுங்க மூணு பேரு. மூணு பேருக்கும் ஐக்கிடோ தெரியாது.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. சந்தோஷத்துல ரெண்டு கையையும் தூக்கினேன். அப்பதான் பார்த்தேன், ரெண்டு கையும் காலி.

கை விரியும்போது அதுல இருந்ததும் போயிருக்கு. எங்கேன்னு திரும்பிப் பார்த்தேன். பாத்திரம் கழுவுறவங்கள்ல ஒருத்தர் மிச்சச் சாம்பார் இருந்த அண்டாவை மெதுவாக் கை காட்டினாரு.

கரண்டியால எடுத்தோம். முதல்ல ஒரு கை வந்துச்சு, அப்புறம் காலர். குணா பைப்பைத் திறந்து விட்டாரு, நான் கசக்கினேன். பருப்பு போச்சு. மஞ்சள் போகல. கசக்கக் கசக்க அது இன்னும் ஒரே சீரா எல்லா இடத்துக்கும் பரவுச்சு. கடைசியில யாரோ வேணும்னே சாயம் போட்ட மாதிரி ஆயிடுச்சு.

"கலர் நல்லாத்தான்க்கா இருக்கு"ன்னாரு குணா. அவரு ஆறுதலுக்குத்தான் சொன்னாரு.

பாலத்துல ஜேம். சட்டையை முன்சீட்டுல விரிச்சுப் போட்டு, ஏர்கோன் காத்தைப் பூரா அது பக்கம் திருப்பி விட்டேன். சட்டை காயல. காடி முழுக்க பெருங்காயம் வாசம்தான் நிறைஞ்சுச்சு. நடுப்பாலத்துல ஒரு தடவை, திரும்பி வீட்டுக்கே போயிடலாமான்னு நினைச்சேன். ஆனா நடுப்பாலத்துல யாரும் திரும்ப முடியாது. அதனால போனேன்.

எங்க வகுப்பு தண்ணீர்மலைக்குப் போற வழியில ஒரு மண்டபத்து மாடியில நடக்குது. மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஈரச் சட்டையை மாட்டிக்கிட்டுப் பயிற்சிப் பாய்ல ஏறினேன். எல்லாரும் வெள்ளையா வரிசையா உட்கார்ந்திருக்காங்க. நான் போயி கடைசியில உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்தவங்க கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாங்க.

சென்செய் என்னைப் பார்த்தாங்க. நான் வாயைத் திறந்தேன். அவங்க கையைக் காட்டி, வேணாம்னுட்டாங்க.

எனக்கு டெஸ்ட்ல ஜோடி ரசாக். பேங்க்ல வேலை பார்க்கிற மலாய்க்காரரு, என்னை எப்பவும் 'காக்'னுதான் கூப்பிடுவாரு, மலாய்ல அக்கா. தங்கமான மனுஷன். வணக்கம் சொல்லக் குனிஞ்சவரு குனிஞ்சபடியே மூக்கை உறிஞ்சினாரு.

"காக், தால்ச்சாவா?"

"சாம்பார்."

"நான் மக்கான் பண்ணாம, பசியோட வந்துட்டேன் காக்"னு மெதுவாச் சொன்னாரு. அவரு குரல்ல உண்மையான வருத்தம் இருந்துச்சு.

ஈப்போவிலேர்ந்து வந்த எக்ஸாமினர் பேரு மிஸ்டர் சின். முகத்துல எதையும் காட்டாத ஆளு. முதல்ல உருளச் சொன்னாரு.

நான் பயப்படணும். வழக்கமா அந்த இடத்துலதான் மாதாவைக் கூப்பிடுவேன். ஆனா அன்னைக்கு என் மனசு பூரா சட்டையிலதான் இருந்துச்சு. பாயில கறை படுமேன்னுதான் கவலை. சீக்கிரம் உருண்டு சீக்கிரம் எழுந்துட்டா கறை குறைவாப் படும்னு தோணுச்சு.

உருண்டேன். எழுந்தேன். நேரா, செருப்பு ரேக்குக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறேன். மறுபடி உருளச் சொன்னாரு. மறுபடியும் நேரா.

சென்செய் உட்கார்ந்த இடத்துலயே நிமிர்ந்தாங்க.

அப்புறம் ரசாக் என் கையைப் புடிச்சாரு. திருப்பி விட்டேன், போனாரு. தோளைப் புடிச்சாரு, போனாரு. ஒவ்வொரு தடவை எழுந்து வரும்போதும் அவரு உள்ளங்கை இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருந்துச்சு. நாலாவது தடவை சட்டைக் கையை இறுக்கிப் புடிச்சு இழுத்தாரு. நான் சுத்தி வந்து அவரைப் போட்டேன். அவரு கீழ படுத்திருக்காரு, நான் கையை மடக்கிப் புடிச்சிருக்கேன், எல்லாம் சரியா இருக்கு.

என் சட்டைக் கைக்குள்ளேர்ந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டு நழுவி, ரசாக் மூக்குக்கு முன்னாடி விழுந்துச்சு.

ரசாக் படுத்தபடியே அதை உத்துப் பார்த்தாரு.

மிஸ்டர் சின் எழுந்து வந்தாரு. பாக்கெட்லேர்ந்து டிஷ்யூ எடுத்தாரு. அந்தத் துண்டைப் புடிச்சுத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாரு. திரும்பிப் போயி, மேசையில மார்க் பேப்பருக்குப் பக்கத்துல வச்சாரு.

"கன்டினியூ"ன்னாரு.

கன்டினியூ பண்ணினேன். இதுக்கு மேல என்ன ஆயிடப் போகுதுன்னு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியிலயே மிச்ச டெஸ்ட் பூரா முடிஞ்சுச்சு.

கடைசியில சென்செய் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு பேப்பரைக் கொடுத்தாங்க. என் முறை வந்தப்ப, பேப்பரோட ஒரு மஞ்சள் பெல்ட்டையும் சேர்த்து நீட்டுனாங்க. நான் அதை வாங்காம அவங்களையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"எங்க கத்துக்கிட்ட அப்படி விழ?"ன்னு காதுகிட்ட வந்து கேட்டாங்க.

"செபராங் ஜெயாவுல, சென்செய்."

அங்க யாரு கிளாஸ் நடத்துறதுன்னு யோசிச்சுக்கிட்டே அடுத்த ஆளுகிட்ட போயிட்டாங்க.

பெல்ட்டைக் கட்டிக்கிட்டேன். சட்டை கலருக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. ரசாக் வந்து "தாஹ்னியா காக்"னு வாழ்த்திட்டு, "ஆனா பெல்ட் எங்க?"ன்னு கேட்டாரு.

காடிக்கு வந்து உட்கார்ந்துதான் பேப்பரைப் பிரிச்சேன். விழும் முறை, நன்று. நிதானம், மிக நன்று. கீழ, கடைசிக் கட்டத்துல, மிஸ்டர் சின் தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தாரு: டெஸ்ட்டுக்கு முன்னால் விருந்து சாப்பிடுவதைத் தவிர்க்கவும்.

அன்னைக்குக் காலையிலேர்ந்து நான் சாப்பிட்டது, குடிச்சது எல்லாம் பால் இல்லாத டீ, ஒரே ஒரு தே-ஓ.